கற்பூர புத்திக்கு இரண்டு மொழி

அம்மாவின் மடியில் ஏழு மாதக் குழந்தை. பக்கத்தில் உள்ள ஸ்பீக்கரிலிருந்து 'த… த… த…' என்று ஓர் ஒலி விடாமல் வந்துகொண்டிருக்கிறது. திடீரென்று அது 'ட… ட… ட…' என்று மாறுகிறது. மாறியதும் குழந்தை அந்தப் பக்கம் தலையைத் திருப்பினால், கறுப்புக் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எரிந்து பொம்மை ஒன்று ஆடும். ஒலி மாறாதபோது திரும்பிப் பார்த்தால் ஒன்றும் நடக்காது. கொஞ்ச நேரத்தில் குழந்தைக்கு விளையாட்டின் சூட்சுமம் பிடிபட்டுவிடும். அம்மா தன்னையறியாமல் ஜாடை காட்டிவிடக் கூடாதே என்று அவர் காதில் பாட்டு ஓடும் ஹெட்போனை மாட்டிவிடுவார்கள்.

கனடாவின் உளவியல் ஆய்வாளர்கள் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இந்த முறையில் நடந்தது. குழந்தைகள் ஆங்கிலம் மட்டுமே புழங்கும் வீடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கேட்டதோ இந்தியின் தகரமும் டகரமும். 'பத்து' வேறு, 'பட்டு' வேறு என்று தமிழ்க் காதுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலம் மட்டும் தெரிந்த பெரியவர்களுக்கு இந்த இரண்டு ஒலியும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். அப்படிப்பட்ட பெற்றோரின் 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானோர் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார்கள். 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் வெகு சிலருக்கே அது முடிந்தது. அதே வயதில் இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை.

நடை பழகும் முன்பே, வீட்டில் புழங்காத ஒலிகளைக் காது ஒதுக்கத் தொடங்கிவிடுகிறது என்பது இதிலிருந்து தெரிந்தது. வீட்டில் இரண்டு மொழி புழங்கினால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி.

அதற்கான விடை பிறந்த சில நாளிலேயே கிடைக்கிறது. வான்கூவரில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், கர்ப்ப காலத்தில் ஆங்கிலமும் பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியும் மாறி மாறிப் பேசிய தாய்மாரின் குழந்தைகளைச் சோதித்தார்கள். பச்சிளங்குழந்தையிடம் என்ன கேட்க முடியும்? வாயில் ஒரு சூப்பானைக் கொடுத்து, எந்தப் பேச்சு ஒலிக்கும்போது எவ்வளவு வேகமாகச் சப்புகிறது என்று அளந்தார்கள். ஆங்கிலத் தாய்மாரின் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு அதிகமாகச் சப்பின. இருமொழித் தாய்மாரின் பிள்ளைகள் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே ஆர்வம் காட்டின. அப்படியானால் அவற்றுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கிறதோ என்ற சந்தேகம் வரும். அதையும் தனியே சோதித்தார்கள். ஒரு மொழியைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சலித்துப்போன குழந்தை, மொழி மாறியதும் மறுபடி மும்முரமாகச் சப்பத் தொடங்கியது. கருவறையிலேயே இரண்டு மொழியின் ஓசைநயமும் பழகியிருக்கிறது. இரண்டும் வேறு என்பதும் தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில், பிள்ளை பெற்ற வீடுகளில் அடிக்கடி காதில் விழும் ஓர் அறிவுரையை நினைத்துப் பார்க்கலாம். "ரெண்டு பாஷையும் பேசிக் குழப்பாதீங்க. முதல்ல ஒண்ணு நல்லா வரட்டும்." பள்ளி ஆசிரியர் சொல்வார், சில நேரம் மருத்துவரே சொல்வார், மாமியார் கட்டாயம் சொல்வார். இந்தப் பயம் நேற்று வந்ததல்ல. 1923இல் வேல்ஸ் நாட்டில் டி.ஜே. சேர் என்பவர் வெல்ஷும் ஆங்கிலமும் தெரிந்த கிராமத்துப் பிள்ளைகளை ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டு, இருமொழிப் பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவு என்று எழுதினார். அவருடைய ஆய்விலேயே நகரத்துப் பிள்ளைகளிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. கிராமத்து வறுமை, பள்ளி வசதி, குடும்பத்தின் தொழில் எல்லாவற்றின் விளைவும் மொழியின் தலையில் விழுந்தது. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு அந்தப் பழியை யாரும் இறக்கிவைக்கவில்லை.

1962இல் மாண்ட்ரியலில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் இருவரும் ஒரே மாதிரிக் குடும்பப் பின்னணி கொண்ட 10 வயதுப் பிள்ளைகளை எடுத்து ஒப்பிட்டார்கள். முடிவு தலைகீழானது: பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் பல சோதனைகளில் முந்தி நின்றார்கள். இரண்டு மொழியிலும் சரளமான பிள்ளைகளையே பொறுக்கியெடுத்ததால் அந்த ஆய்வுக்கும் விமர்சனம் உண்டு. இதைவிடச் சுத்தமான ஒப்பீடு ஒடிசாவில் நடந்தது என்று சொல்லலாம். அங்கே கோந்து பழங்குடியினரில் சில பகுதிகளில் குயி மொழியும் ஒடியாவும் பேசுகிறார்கள். வேறு பகுதிகளில் ஒடியாவுக்கே மாறிவிட்டார்கள். ஒரே சமூகம், ஒரே வாழ்க்கைமுறை, மொழி மட்டும் வேறு. உளவியலாளர் அஜித் மொஹந்தி அந்தப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். இருமொழிப் பிள்ளைகள் எதிலும் பின்தங்கவில்லை. மொழியைப் பற்றி யோசிக்க வேண்டிய சோதனைகளில் முன்னணியில் இருந்தார்கள்.

இதைக் கேட்டதும் எதிர்ப்பக்கம் ஓடிவிடுகிறவர்களும் உண்டு. 'இரண்டு மொழி கற்றால் மூளை கூர்மையாகும்' என்று விளம்பரம் செய்யும் மழலையர் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. கவனத்தைக் கட்டுப்படுத்தும் திறன் கூடும் என்று காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன. பெரிய எண்ணிக்கையில் சோதித்தபோது அந்த லாபம் கரைந்துபோனதும் உண்டு. அமெரிக்காவில் 9, 10 வயதுப் பிள்ளைகள் 4,500க்கும் மேற்பட்டோரை வைத்து 2019இல் வெளியான ஆய்வில் அப்படி ஒரு கூடுதல் திறன் தென்படவில்லை. ஹைதராபாத்தில் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்ட மருத்துவர்கள், இருமொழிக்காரர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகத் தலைகாட்டியதைக் கண்டார்கள். முதுமை வேறு, மழலை வேறு. தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பேச முடிவதே போதுமான லாபம். மதிப்பெண் கணக்கெல்லாம் பிறகு.

சரி, குழப்பம் இல்லையென்றால், இருமொழிக் குழந்தைக்குப் பேச்சு தாமதமாக வருவதுபோல் ஏன் தெரிகிறது? பெரும்பாலும் எண்ணுகிற முறையில் இருக்கிறது கோளாறு. வீட்டில் தமிழும் காப்பகத்தில் ஆங்கிலமும் கேட்கும் ஒன்றரை வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். பால், நிலா, சாமி, தாச்சி எல்லாம் தமிழில் வரும். பஸ், பந்தின் கலர், டீச்சர் சொல்லித்தந்த விலங்குகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் வரும். ஆங்கிலப் பட்டியலை வைத்து மட்டும் சரிபார்த்தால் பாதி காணாமல் போயிருக்கும். மியாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த குழந்தைகளை வைத்து பார்பரா பியர்சனும் கூட்டாளிகளும் 1993இல் இதைத்தான் காட்டினார்கள். ஒவ்வொரு மொழியையும் தனியே எண்ணினால் சொல் குறைவு. இரண்டையும் சேர்த்தால் மற்றக் குழந்தைகளுக்குச் சமம். முதல் சொல் வரும் வயதும், சொற்களைக் கோத்துப் பேசத் தொடங்கும் வயதும் பொதுவாக மற்றக் குழந்தைகளுக்கு உள்ளதுதான். உண்மையிலேயே பேச்சுத் தாமதம் இருக்கும் பிள்ளைக்கு அது இரண்டு மொழியிலும் தெரியும். ஒரு மொழியை நிறுத்துவது அதற்கு மருந்தல்ல. டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைகளே இரண்டு மொழி கற்பதை கனடாவில் ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள்.

கலந்து பேசுவது இன்னொரு கவலை. "அம்மா, பால் ஸ்பில் ஆயிடுச்சு" என்று மூன்று வயதுப் பிள்ளை சொன்னால், இரண்டு மொழியும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டது என்று பெரியவர்கள் நெற்றியைச் சுருக்குகிறார்கள். அந்த வாக்கியத்தை நிதானமாகப் பார்த்தால் அதில் எவ்வளவு ஒழுங்கு இருக்கிறது! பிள்ளை 'ஸ்பில்லிச்சு' என்று சொல்லவில்லை. ஆங்கில வினையைத் தமிழுக்குள் கொண்டுவர வேண்டுமானால் பக்கத்தில் 'ஆகு' அல்லது 'பண்ணு' வைத்து, விகுதியை அதன்மேல் ஏற்ற வேண்டும் என்ற விதி அதற்குத் தெரிந்திருக்கிறது. தானே கொட்டினால் 'ஸ்பில் பண்ணிட்டேன்', தானாகக் கொட்டினால் 'ஸ்பில் ஆயிடுச்சு'. (எது எப்போது என்று தேர்ந்தெடுப்பதில் மூன்று வயதிலேயே கொஞ்சம் வக்கீல் புத்தியும் சேர்ந்திருக்கும்.) யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தராத இலக்கணம் இது. தவிர, வீட்டில் பெரியவர்களே இப்படித்தானே பேசுகிறார்கள்! மாண்ட்ரியலில் ஃப்ரெட் ஜெனசியும் குழுவினரும் இரண்டு வயதுப் பிள்ளைகளைக் கவனித்தபோது, அம்மாவிடம் அம்மாவின் மொழியையும் அப்பாவிடம் அப்பாவின் மொழியையும் கூடுதலாகப் பயன்படுத்துவது தெரிந்தது. முன்பின் தெரியாத ஒருவர் வந்தால்கூட அவருக்கு எது புரியும் என்று பார்த்து மாற்றிக்கொள்ள முயன்றார்கள்.

ஆக, குழப்பம் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்தப் பயத்தைப் போலவே தவறான ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. "சின்னக் குழந்தை, கற்பூர புத்தி, எத்தனை பாஷையானாலும் பட்டென்று பிடித்துக்கொள்ளும்" என்பது. இதை நம்பி, டேப்லெட்டில் இந்திப் பாட்டையோ பிரெஞ்சு கார்ட்டூனையோ ஓடவிட்டுவிட்டு நிம்மதியாகச் சமைக்கப் போகும் வீடுகள் ஏராளம்.

சியாட்டிலில் பட்ரிசியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வு அந்த நிம்மதியைக் கெடுக்கும். ஆங்கில வீட்டு 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுபவர்கள் 12 அமர்வுகளில் புத்தகம் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார்கள். அதன்பின் சோதித்தால், சீன ஒலிகளை அந்தக் குழந்தைகள் நன்றாகப் பிரித்தறிந்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதே பேச்சு, அதே புத்தகம், அதே அளவு நேரம், ஆனால் டிவியில். மூன்றாவது குழுவுக்கு வெறும் ஒலிப்பதிவு. இந்த இரண்டு குழுவிலும் கற்றல் என்று எதுவும் பதிவாகவில்லை. முகம் பார்த்து, விரல் நீட்டிய பக்கம் பார்த்து, பதிலுக்குப் பதில் பேசும் ஆள் இல்லாமல் மொழி ஒட்டவில்லை. வீடியோ கால் அந்தக் கணக்கில் வருமா என்று கேட்கும் வெளிநாட்டுத் தமிழர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளை வைத்து 2014இல் வெளியான ஆய்வில், பதிவுசெய்த வீடியோவிலிருந்து புதுச் சொல்லைக் கற்காத குழந்தைகள் நேரலை வீடியோ உரையாடலில் கற்றுக்கொண்டார்கள். ஊரில் இருக்கும் அப்பத்தா போனில் "என்னடா சாப்பிட்ட?" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாரே, அந்தக் காத்திருப்பில்தான் பாடம் நடக்கிறது.

ஒட்டிய மொழி நிலைக்குமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இதற்கு மேகாலயாவின் காரோ மலையில் ஒரு கதை இருக்கிறது.

அமெரிக்க மானுடவியலாளர் ராபின்ஸ் பர்லிங் 1954இல் கள ஆய்வுக்காக மனைவியோடும் கைக்குழந்தையோடும் அங்கே போய்ச் சேர்ந்தார். மகனுக்கு அப்போது ஒன்றே கால் வயதுக்குச் சற்று மேல். ஆங்கிலத்தில் ஒரு சில சொற்கள் மட்டும் வரும். பெற்றோர் ஆங்கிலம் பேசினார்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களும் ஊர்க்காரர்களும் காரோ பேசினார்கள். இரண்டு ஆண்டில் அவன் காரோக்காரனாகவே ஆகிவிட்டான். ஆங்கிலம் இரண்டாம் இடத்துக்குப் போனது. தூக்கத்தில் உளறுவதுகூட காரோவில்தான். தகப்பன் அவனுடைய ஒலிகளையும் விகுதிகளையும் ஒவ்வொன்றாகக் குறித்துவைத்து 1959இல் கட்டுரையாக வெளியிட்டார். 1956இல் ஊர் திரும்பும்போது பையனுக்கு மூன்று வயது தாண்டியிருந்தது. வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் காரோ பேசிப் பார்த்தான். விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்த மலாயா இளைஞனின் முகச்சாயல் காரோ முகம்போல இருந்ததால், தன் ஊர்க்காரன் என்று நினைத்து மடை திறந்ததுபோல் பேசத் தொடங்கிவிட்டான். அந்த இளைஞனுக்கு ஒன்றும் புரியவில்லை. அதன்பின் காரோவில் பதில் சொல்ல ஆள் இல்லை. ஆறு மாதத்தில் உடல் உறுப்புகளின் பெயர் போன்ற சாதாரணச் சொற்களுக்கே தடுமாறினான்.

தாய்மொழி என்று சொல்லத்தக்க அளவுக்கு வேரூன்றிய மொழியே ஆறு மாதத்தில் இப்படி ஆனது. முழுக்கத் துடைத்தெறியப்பட்டதா என்றால், அதுவும் இல்லையோ என்று எண்ண வைக்கிறது 2014இல் மாண்ட்ரியலிலிருந்து வந்த ஓர் ஆய்வு. சீனாவில் பிறந்து, ஒரு வயதையொட்டி பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப் போன பெண்பிள்ளைகள் அவர்கள். சீன மொழியில் ஒரு சொல்கூட நினைவில்லை. ஆனால் சீனத்தின் தொனிகளைக் கேட்கச் செய்து மூளையை ஸ்கேன் செய்தால், சீனம் பேசி வளர்ந்தவர்களுடைய மூளையைப் போலவே அது இயங்கியது. தடம் இருக்கிறது, பேச்சு இல்லை. பாட்டியிடம் பேசுவதற்குத் தடம் மட்டும் போதாது.

பேச்சு தங்க என்ன செய்யலாம் என்று 100 ஆண்டுக்கு மேலாகப் பெற்றோர் யோசித்துவருகிறார்கள். பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ஜா, தம் மகன் பிறந்தபோது நண்பர் மொரீஸ் கிராமோனிடம் யோசனை கேட்டார். ஆளுக்கு ஒரு மொழி, மாற்றவே கூடாது என்றார் நண்பர். அப்பா பிரெஞ்சு மட்டும், அம்மா ஜெர்மன் மட்டும் பேச, பையன் இரண்டிலும் தேறினான். 1913இல் அது புத்தகமாக வந்தது. இன்றுவரை பெற்றோருக்கான கையேடுகளில் அந்த விதி உலவுகிறது. அமெரிக்காவில் மொழியியலாளர் வெர்னர் லியோபோல்ட் தம் மகள் ஹில்டகார்டிடம் ஜெர்மன் மட்டுமே பேசி, அவளது பேச்சை நான்கு தொகுதிகளாகப் பதிவுசெய்தார். உலகத்தில் அப்பாக்கள் எல்லோருமே ஜெர்மன்தான் பேசுவார்களா என்று அவள் ஒருநாள் அம்மாவிடம் கேட்டாளாம். அவளைச் சுற்றி ஜெர்மன் பேசியவர் பெரும்பாலும் அப்பா ஒருவர்தான். ஆகவே அந்த மொழி எப்போதும் ஒற்றைக்காலில் நின்றது. ஐந்து வயதில் ஜெர்மனிக்குப் போனபோது சில வாரங்களிலேயே ஆங்கிலம் பின்வாங்கி, ஜெர்மன் பெருகிவிட்டது.

ஆளுக்கொரு மொழி என்ற விதி புகழுக்கு ஏற்ற பலன் தருகிறதா? பெல்ஜியத்தின் டச்சு மொழிப் பகுதியில், வீட்டில் வேறொரு மொழியும் புழங்கும் 1,899 குடும்பங்களின் தகவலை ஆனிக் டி ஹவுவர் 2007இல் வெளியிட்டார். ஆளுக்கொரு மொழி பேசிய வீடுகளில் ஏறத்தாழ முக்கால்வாசியில்தான் பிள்ளைகள் இரண்டையும் பேசினார்கள். தாய் தந்தை இருவருமே வீட்டில் வீட்டுமொழி மட்டும் பேசிய குடும்பங்களில் அது 97 விழுக்காடு. ஒருவர் டச்சு மட்டும் பேச, மற்றவர் டச்சையும் வீட்டுமொழியையும் கலந்து பேசிய வீடுகளில் 36 விழுக்காடுதான். வெளியில் செல்வாக்குள்ள மொழிக்கு வீட்டின் தயவு வேண்டியதில்லை. அது பள்ளியிலும் தெருவிலும் கடையிலும் தானாகவே வந்து சேரும். மெலிந்த மொழிதான் வீட்டை நம்பி இருக்கிறது.

மதுரையின் சௌராஷ்டிரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பல நூற்றாண்டுகளாகத் தமிழ் ஊர்களில் வாழ்ந்தும், வீட்டில் தங்கள் மொழி, வெளியில் தமிழ் என்ற ஏற்பாட்டிலேயே பிள்ளைகளை வளர்த்தார்கள். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர். உறவும் தெருவும் நெசவும் சேர்ந்தே இருந்ததால் அந்த மொழிக்கு வீட்டுக்கு வெளியிலும் கொஞ்சம் இடம் இருந்தது. ஓசூரில் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசி, தெருவில் தமிழ் பேசும் பிள்ளைகளையும் பார்க்கலாம். அதே கணக்கெடுப்பின்படி நாட்டில் நான்கில் ஒருவருக்குக் குறைந்தது இரண்டு மொழி தெரியும். மதுரையிலோ ஓசூரிலோ பிள்ளைக்குக் குழப்பம் வருமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி இருக்கிறது, பள்ளியில் பாடமாக இருக்கிறது, வானொலி, தொலைக்காட்சி, நாளிதழ் எல்லாம் இருக்கின்றன. ஏப்ரலில் தமிழ்மொழி மாதம் கொண்டாடுகிறார்கள். ஆனால் பயிற்றுமொழி ஆங்கிலம். பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவதும் ஆங்கிலம். வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 கணக்கெடுப்பில் மொத்தக் குடியிருப்பாளர்களில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்கு ஏறியது.

இதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வீட்டில் "கடைக்குப் போறேன்" என்று கேட்டு வளர்ந்த குழந்தை பள்ளிக்குப் போனால் புத்தகம் "கடைக்குச் செல்கிறேன்" என்கிறது. வீட்டில் ஆங்கிலமே கேட்ட குழந்தைக்கு அந்தப் புத்தகத் தமிழ்தான் முதல் தமிழ். அதை வைத்துக்கொண்டு கடையில் ஒரு தோசைகூடக் கேட்க முடியாது. கேட்டால் கடைக்காரர் சிரிப்பார், பிள்ளை அடுத்த முறை ஆங்கிலத்துக்குப் போய்விடும். கல்வியாளர் சீதாலட்சுமி போன்றோர் இதைத் தொடர்ந்து சொல்லிவந்தார்கள். 2005இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுக்கப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டுப் பண்டிதர்கள் சிலருக்கு இது கசக்கலாம். ஆனால் வீட்டில் தமிழ் வற்றிய இடத்தில், பேசுவதற்கான தமிழை வேறு யார் கொடுப்பது?

பிள்ளை எத்தனையாவது என்பதும் இதில் கணக்குக்கு வருகிறது. முதல் பிள்ளைக்கு மூன்று வயது வரை அம்மாவும் அப்பாவும் ஆத்தாவும் தமிழ் பேசுகிறார்கள். அது நன்றாக வருகிறது. பள்ளிக்குப் போனதும் ஆங்கிலத்தைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறது. இரண்டாவது பிள்ளை பிறக்கும்போது வீட்டுக்குள் ஆங்கிலம் பேசும் ஆள் ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார், அதுவும் தம்பி தங்கைக்கு மிகப் பிடித்த ஆள். புலம்பெயர்ந்த குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் பல நாடுகளில் கண்டது இது: இளைய பிள்ளைக்கு வீட்டுமொழி மூத்ததைவிட மெலிவாகவே வருகிறது. லண்டனிலோ டொராண்டோவிலோ தமிழ்ப் பெற்றோர் பலர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தம்பிக்குக் கதை சொல்லும் பொறுப்பை மூத்தவளிடம் கொடுத்து, அதைத் தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று பேரம் பேசுகிறார்கள். பள்ளி விடுமுறையில் யாழ்ப்பாணத்துக்கோ திருச்சிக்கோ அனுப்பி, தமிழ் தவிர வேறொன்றும் தெரியாத சித்தப்பா பிள்ளைகளோடு ஒரு மாதம் தெருவில் கிரிக்கெட் ஆடவிடுகிறார்கள். அங்கே அவுட்டா இல்லையா என்று சண்டை போடுவதற்கே தமிழ் தேவைப்படுகிறது.